பேரோல் டாக்ஸ்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

சு., எடிசன், நியூ ஜெர்சி:

அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள முதியோர் மையத்துக்காக நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். சோஷியல் செக்யூரிட்டியை, அதாவது அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டத்தை, திருத்தச் சொல்லும் மசோதாக்களைப் பற்றியது. பேரோல் டாக்ஸில் வந்து நிற்கிறேன். 'ஊதிய வரி' என்று எழுதினேன். அம்மா படித்துவிட்டு, "இன்கம் டாக்ஸைத்தானே சொல்ற?" என்றார். அதுவல்ல. சம்பளத்தில் 6.2 சதவீதம் தொழிலாளி கட்டுவது, இன்னொரு 6.2 முதலாளி கட்டுவது. மெடிகேருக்கு (முதியோர் மருத்துவக் காப்பீடு) தனியாக ஆளுக்கு 1.45. கழிவு எல்லாம் கிடையாது, முதல் டாலரிலிருந்தே உண்டு. அச்சகம் வெள்ளி மாலை வரைதான் பொறுக்கும்.

கு., மதுரை:

தம்பி, முப்பது வருஷம் கருவூலத்தில் சம்பளப் பட்டியல் பார்த்தவன் சொல்கிறேன். அக்விட்டன்ஸில் ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தடவி ஒட்டி, அதன்மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பிடித்தம் போகக் கையில எவ்வளவு சார்?" சம்பளப் பிடித்தம் என்று போடு. பியூனுக்கும் புரியும், கலெக்டருக்கும் புரியும்.

மா., டொராண்டோ:

ஐயா சொல்வது பாதிக்குத்தான் பொருந்தும். தொழில்தருநர் தன் கையிலிருந்து கட்டும் 6.2 யாருடைய சம்பளத்திலும் பிடிக்கப்படுவதில்லையே? சொந்தத் தொழில் செய்கிறவர் இரண்டு பங்கையும் தானே கட்டுகிறார், மொத்தம் 15.3. அவருக்கு யார் பிடிப்பது? இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியர் 8, தொழில்தருநர் 12 வீதம் கட்டுவதைப் 'பங்களிப்பு' என்கிறோம். அமெரிக்கச் சட்டத்தின் பெயரும் கூட்டாட்சிக் காப்பீட்டுப் பங்களிப்புச் சட்டம்தான்.

செ., கோவை:

வரி, பிடித்தம், பங்களிப்பு எல்லாம் இருக்கட்டும். நம்மிடம் 'இறை' என்ற அருமையான சொல் இருக்கும்போது எதற்குத் தவிப்பு? சோழர் கல்வெட்டில் செக்குக்குச் செக்கிறை, தறிக்குத் தறியிறை. அந்த வழியில் 'ஊதியவிறை'. உடம்படுமெய் வகரம் பெறும், சொல்லவும் இனிமை. சம்பளம் என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. வழிச்செலவுக்கான கட்டுச்சோற்றைக் குறிக்கும் வடசொல்லான 'சம்பல'த்திலிருந்து வந்தது அது.

கு., மதுரை:

யார் சொன்னது? சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாக அளந்ததால் சம்பளம். இலத்தீனிலும் சம்பளத்துக்கு உப்பை வைத்துத்தான் சொல்!

செ., கோவை:

கேட்க இனிக்கும் கதை ஐயா, அவ்வளவுதான். தமிழில் உப்பைக் கூலியாகக் கொடுத்ததற்கு ஒரு செய்யுள், ஒரு கல்வெட்டு காட்டுங்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் இருக்கிறது.

மா., டொராண்டோ:

ஊதியம் மட்டும் என்னவாம்? 'ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு' என்ற குறளில் ஊதியம் இலாபம் அல்லவா? ஊதியவிறை என்றால் இலாபத்தின் மேல் வரி என்றாகிவிடும். இறை என்றால் கடவுளும்தான். மாதம் முடிந்தால் எழுந்தருளும் கடவுள் என்று வாசிக்கப் போகிறார்கள்.

சு., எடிசன்:

இன்று புதன். நினைவூட்டலாகச் சொல்கிறேன்.

வெ., சென்னை:

'பங்களிப்பு' என்ற சொல்லை மட்டும் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எச்-1பி விசாவில் எட்டு வருஷம் வேலை செய்து, ஒரு மாதம் தவறாமல் கட்டிவிட்டு ஊர் திரும்பியவன் நான். ஓய்வூதியம் பெற 40 கிரெடிட் வேண்டும், அதாவது குறைந்தது பத்து வருஷ வேலை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் உடன்படிக்கை கிடையாது, அதனால் என் எட்டு வருஷமும் அங்கேயே கிடக்கிறது. திரும்பி வராத பணத்தை வரி என்றுதான் சொல்வார்கள். சோஷியல் செக்யூரிட்டியைக் கொண்டுவந்த 1935 சட்டத்திலேயே வரி ஓர் இயலில், பலன் வேறோர் இயலில். இரண்டையும் முடிச்சுப் போட்டால் நீதிமன்றத்தில் நிற்காது என்று பயந்து பிரித்தே எழுதினார்கள். கட்டியதனாலேயே சொத்துரிமை வந்துவிடாது என்று 1960-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பங்களிப்பு என்பது மனசு நோகாமல் இருக்க வைத்த பெயர்.

சு., எடிசன்:

சரி அண்ணா, 'வரி' உறுதி. இன்னொரு சிக்கல். இந்த வரிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, 2025-இல் 1,76,100 டாலர். அதற்கு மேல் சம்பாதிப்பதற்கு 6.2 கிடையாது (மெடிகேருக்கு வரம்பு இல்லை). 'சோஷியல் செக்யூரிட்டி 2100' மசோதா 4,00,000 டாலருக்கு மேல் மறுபடியும் வரியை வைக்கச் சொல்கிறது. நடுவில் விட்டுப்போகும் பகுதியை இங்கே டோனட் ஓட்டை என்கிறார்கள்.

கு., மதுரை:

உளுந்துவடை இருக்கும்போது டோனட் எதற்கு? வடைத்துளை!

மா., டொராண்டோ:

இது எனக்கும் பிடித்திருக்கிறது. உச்சவரம்பு சராசரிச் சம்பளத்தோடு வருஷா வருஷம் ஏறும், 4,00,000 அப்படியே நிற்கும். வடை வேக வேக மாவு உப்பித் துளை சுருங்குவது போல, நாளடைவில் இடைவெளி மூடிக்கொள்ளும்.

செ., கோவை:

துண்டறிக்கையா, டிபன் சென்டர் பலகையா? 'வரியிலா இடைவெளி' போதும்.

வெ., சென்னை:

துண்டறிக்கை வரைவில் '2033-இல் நிதி திவாலாகும்' என்றிருக்கிறதே, அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி நிதியின் அறங்காவலர்கள் 2025 அறிக்கையில் சொல்வது, முதியோருக்கான நிதியின் கையிருப்பு அந்த வருஷம் தீரும் என்றுதான். மாதாமாதம் வரும் வரி நிற்காது. அதை வைத்து 77 சதவீதம் கொடுக்க முடியும். திவால் என்று படித்துவிட்டு எத்தனை பேர் அன்றிரவு தூங்காமல் கிடப்பார்களோ.

சு., எடிசன்:

'கையிருப்பு தீரும்' என்று மாற்றிவிட்டேன். நன்றி அண்ணா. தலைப்பில் 'சமூகப் பாதுகாப்புச் சீர்திருத்தம்' என்று போட்டிருக்கிறேன், அதில் யாருக்கும் மறுப்பு இல்லையே?

கு., மதுரை:

இருக்கிறது. எங்கள் பக்கம் சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்றதும் தாலுகா ஆபீஸில் அதற்கென்றே ஒரு தாசில்தார், வாசலில் முதியோர் உதவித்தொகைக்கு மனுவோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிகள், இதுதான் கண்ணில் வரும். அது அரசு தரும் உதவி. இது உழைத்துக் கட்டியவன் கேட்டு வாங்குவது. இரண்டும் ஒரே பெயரில் இருக்கக் கூடாது.

மா., டொராண்டோ:

சீர்திருத்தமும் இடிக்கிறது. ஒரு மசோதா பலனைக் கூட்டச் சொல்லும், இன்னொன்று ஓய்வு வயதை ஏற்றச் சொல்லும். 1983-இல் 65-ஐப் படிப்படியாக 67 ஆக்கியதையும் சீர்திருத்தம் என்றுதான் சொன்னார்கள். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு நல்லது என்ற சாயல் ஏறியிருக்கிறது. 'மாற்றம்' என்று எழுதுங்கோ, வாசிக்கிறவர் முடிவு செய்யட்டும்.

சு., எடிசன்:

வெள்ளி காலை. அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பில் 'சோஷியல் செக்யூரிட்டி மாற்றங்கள்'. உள்ளே 'சம்பள வரி', முதல் முறை வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி கட்டுவது'. அம்மாவிடம் மறுபடி காட்டினேன். "அப்ப முதலாளியும் கட்டுறாரா?" என்று கேட்டார். அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். வடையைச் சேர்க்கவில்லை, ஐயா மன்னிக்கவும்.

செ., கோவை:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. செக்கிறை என்று கல்லில் வெட்டியபோது யாரும் செக்கைக் கடவுள் என்று கும்பிடவில்லை.

கு., மதுரை:

சம்பளம் தமிழ்ச் சொல்தான். உப்புக்கூலிக்குச் சான்று தேடிக்கொண்டிருக்கிறேன், திங்கள் எழுதுகிறேன்.