மட்டராஸியை ஸ்டேடியத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அஸூரி ரசிகன்:
இத்தாலி ஃபுட்பால் வீரர் மார்கோ மட்டராஸி என்றால் 2006 உலகக் கோப்பை பெர்லின் ஃபைனலில் பிரான்ஸின் ஜிடேனிடம் தலையால் முட்டு வாங்கியவர் என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம். அதே மேட்சில் ஹெட்டர் அடித்து இத்தாலிக்குச் சமன் கோல் போட்டவர் அவர்தான், ஷூட்-அவுட்டில் தன் பெனால்டியைத் தவறவிடாதவரும் அவர்தான். அதைச் சொன்னால், “அப்படியா?” என்று கேட்பார்கள். சரி, அது பழைய பஞ்சாயத்து.

இங்கே பேச நினைத்தது கோச் மட்டராஸியைப் பற்றி. அப்பா ஜூசெப்பே மட்டராஸி, லாசியோ உள்படப் பல கிளப்களுக்குக் கோச்சாக இருந்தவர். மகன் இன்டர் மிலானில் பத்து வருஷம் ஆடி, 2010-ல் மூன்று கோப்பை ஜெயித்த அணியிலும் இருந்துவிட்டு, கோச் வேலையைத் தொடங்கியது பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில். 2014, 2015, 2016 என்று மூன்று சீசன், மூன்றும் ஐ.எஸ்.எல். லீக்கில் ஆடும் நம் ஊர் அணி சென்னையின் எஃப்சிக்கு. முதல் சீசனில் ஆடவும் செய்தார்.

நான் பார்த்தது 2014-ல் கேரளா பிளாஸ்டர்ஸுடன் நடந்த முதல் ஹோம் மேட்ச். 2-1 என்று ஜெயித்தோம். என் கண் பந்து மேல் இல்லை. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போதும் அவர் வாய் மூடவே இல்லை. கையை நீட்டி ஒருவனைப் பின்னால் வரச் சொல்வார், இன்னொருவனை முன்னே தள்ளுவார். டிவியில் பார்த்தால் இதெல்லாம் தெரியாது, கேமரா பந்தோடு போய்விடும். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

பெரம்பூரான்:
அண்ணா, நான் போனது 2014-ல் அதே கேரளாவுடன் நடந்த செமி ஃபைனல் இரண்டாவது லெக். இரண்டு லெக் கோலையும் கூட்டித்தான் கணக்கு. லீக்கில் 23 பாயின்டோடு முதலிடம் பிடித்த நம் டீம், முதல் லெக்கில் கொச்சியில் 3-0 வாங்கிக்கொண்டு வந்திருந்தது. பாதிப் பேர் சடங்குக்குத்தான் வந்திருந்தார்கள். முதல் பாதியிலேயே மட்டராஸிக்கு இரண்டாவது மஞ்சள் கார்டு. கோச்சும் அவரே, பின்களத்தில் தடுக்கும் ஸ்டாப்பரும் அவரே, இப்போது இரண்டு பேரும் வெளியே! எனக்குப் பின்வரிசையில் இருந்த பெரியவர் சட்டென்று எழுந்து, “வாடா, ட்ரெயினாவது பிடிப்போம்” என்று பேரனை இழுத்தார். பேரன் நகரவில்லை.

அந்தப் பையன்தான் புத்திசாலி. பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஹாஃப் டைமுக்கு முன் ஒரு கோல். அப்புறம் அவர்கள் பக்கமும் ஒருவன் வெளியேறினான். கேரளாவின் ஜிங்கன் தன் வலைக்குள்ளேயே ஒன்று போட்டுக் கொடுத்தான். 90-வது நிமிஷம் நம் ஜேஜே ஒரு கோல்! மொத்தக் கணக்கு 3-3. பெரியவர் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். எக்ஸ்ட்ரா டைம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது கேரளாவின் பியர்சன் ஒன்று அடித்தான் பாருங்கள், அதன் பிறகு சென்ட்ரல் வரை யாரும் பேசவில்லை.

கொச்சி மாப்பிள்ளை:
அந்த 3-0 மேட்ச் அன்று நான் மாமனார் வீட்டு ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். நீலச் சட்டையை மேலே ஜாக்கெட் போட்டு மறைத்துக்கொண்டுதான் போனேன். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். மூன்று கோல் பின்தங்கிய மேட்சில் கோச்சே ரெட் கார்டு வாங்கினால் அது என்ன கோச்சிங்? இங்கிலாந்து கிளப் எவர்டனில் ஒரே ஒரு சீசன் ஆடியபோதும் அந்த மனிதருக்கு இதே வழக்கம்தான். அவரைத் தாண்டி அந்தப் பையன்கள் போராடினார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அஸூரி ரசிகன்:
மாப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அணியைச் சேர்த்தது யார்? எலானோ, சில்வெஸ்ட்ரே, மெண்டோசா, அதோடு பாதி சீசனில் இத்தாலியின் பெரிய டிஃபெண்டர் அலெசாண்ட்ரோ நெஸ்டா! 2006 உலகக் கோப்பையில் செக் குடியரசுடன் ஆடும்போது நெஸ்டாவுக்குக் காயம். அவருக்குப் பதில் இறங்கியவர்தான் மட்டராஸி, இறங்கிய சில நிமிஷத்தில் கோலும் போட்டார். நெஸ்டாவுக்கு அடிபடாமல் இருந்திருந்தால் பெர்லினில் மட்டராஸி பெஞ்சில்தான் இருந்திருப்பார். அந்த நெஸ்டா எட்டு வருஷம் கழித்து இவர் கூப்பிட்டுச் சென்னைக்கு வந்து ஆடினார். சம்பளமும் கிடைத்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் கூப்பிட ஆள் வேண்டுமே.

வேளச்சேரி நீலம்:
நான் 2015 கட்சி. பத்து மேட்ச் முடிந்தபோது கடைசி இடம். “மூட்டை கட்டச் சொல்லுங்கள்” என்று நானே எழுதியிருப்பேன். அங்கிருந்து கடைசி நாலு லீக் மேட்ச்சையும் ஜெயித்து மூன்றாம் இடத்துக்கு வந்தார்கள். அதற்குள் டிசம்பர் வெள்ளம். எங்கள் வீட்டில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர், மாடியில் இரண்டு குடும்பம். செமி ஃபைனல் ஹோம் லெக்கைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். சொந்த ஊரில் ஆட வழியில்லாமல் போன டீம், அங்கே கொல்கத்தாவை 3-0 அடித்தது. எங்கள் தெருவுக்கு அதுவரை கரண்ட் ஒழுங்காக வரவில்லை. மச்சான் மதுரையிலிருந்து போனில் ஸ்கோர் சொல்லச் சொல்ல, நான் மாடியில் இருந்த எல்லோருக்கும் கத்திச் சொன்னேன்.

டிசம்பர் 20 அன்று எஃப்சி கோவாவுடன் நடந்த ஃபைனலைத் தாம்பரத்தில் சித்தி வீட்டு டிவியில் பார்த்தோம். எதிரணிக் கோச் ஜிக்கோ. 87-வது நிமிஷத்தில் கோவா 2-1. சித்தப்பா ரிமோட்டை எடுத்துவிட்டார். 90-ல் கட்டிமணி, அதுவரை பெனால்டியை எல்லாம் தடுத்த கோவா கோல்கீப்பர், பந்தைத் தன் வலைக்குள்ளேயே தள்ளினார். இரண்டு நிமிஷத்தில் மெண்டோசா, 3-2, கோப்பை நமக்கு! அந்த சீசனில் அவனுக்கு அது 13-வது கோல். சித்தப்பா கையில் இருந்த ரிமோட்டை அன்று இரவு முழுக்க யாரும் கேட்கவில்லை.

மெண்டோசாவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அவனை 2014-லேயே ஆட வைத்துவிட்டு, அடுத்த வருஷமும் திரும்பக் கொண்டுவந்தார்கள். அது ஒன்றுக்காகவே மட்டராஸிக்கு நான் மார்க் போடுவேன்.

கொச்சி மாப்பிள்ளை:
2016-ஐ யாரும் பேசவில்லையே! எட்டு டீமில் ஏழாவது. மெண்டோசா இல்லை, எலானோ இல்லை, கோச் மட்டும் அதே கோச். 2017-ல் கிளம்பிவிட்டார். அடுத்து வந்த ஜான் கிரிகரி முதல் சீசனிலேயே கோப்பையை வாங்கிக் கொடுத்தார். மட்டராஸி நல்ல தலைவர், ஒத்துக்கொள்கிறேன். கோச் என்றால் நான் கிரிகரி பக்கம்.

பெரம்பூரான்:
கிரிகரிக்குக் கைதட்டினோம். மட்டராஸிக்காகத் தொண்டை கட்டினோம். இரண்டும் வேறு மாப்பிள்ளை. 2016-ல் கடைசி ஹோம் மேட்ச்சுக்குப் போனவர் யாராவது இருந்தால் எழுதுங்கள், அன்று எனக்கு நைட் ஷிஃப்ட்.