பெரியப்பாவின் கோப்பு சேமிக்கப்படவில்லை

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். நான் எழுதிவரும் நம் குடும்ப வரலாறு இப்போது லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற ஆவணம் எழுதும் மென்பொருளில் திறந்திருக்கிறது. அப்பாவின் இளமைக்காலத்தைப் பற்றிய பகுதியைக் காலையிலிருந்து எழுதி முடித்துச் சேமிக்கப் போனால், ஆவணத்தைச் சேமிப்பதில் பொதுவான உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று ஒரு பெட்டி வருகிறது. ஓகே என்பதை அழுத்தினால் பெட்டி மறைகிறதே தவிர, கோப்பு சேமிக்கப்படுவதில்லை. நேற்றுவரை இதே கோப்பு இதே இடத்தில் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டது.

சித்தப்பா: அண்ணா, மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

நான்: பெரியப்பா, தயவுசெய்து எதையும் மூடாதீர்கள், கணினியை ரீஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். இன்று எழுதிய பகுதி முழுமையாக இருப்பது அந்தத் திறந்த சாளரத்தில் மட்டும்தான். சித்தப்பா, மீண்டும் நிறுவுவதானால் ஆவணத்தை மூடியாக வேண்டும். அதோடு, நம் அமைப்புகள் அடங்கிய பயனர் கோப்புறையை வழக்கமாக அந்த வேலை தொடுவதில்லை என்பதால், கோளாறு அங்கே இருந்தால் புதிதாக நிறுவிய பிறகும் அது அப்படியே தொடரும். ஆகவே அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

அக்கா: ரைட்டர் தானாகவே அவ்வப்போது மீட்புத் தகவலை எழுதி வைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது பெரியப்பாவுக்கு உதவாதா?

நான்: உதவக்கூடும், அக்கா. வழக்கமான அமைப்பில் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை அது நடக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி ஆவணத்தை மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியப்பா, கன்ட்ரோல் விசையோடு ஏ, பிறகு கன்ட்ரோல் விசையோடு சி அழுத்தி முழுவதையும் நகலெடுத்து, உங்கள் மின்னஞ்சலில் ஒரு புதிய மடலைத் திறந்து அதில் ஒட்டிவிடுங்கள். தலைப்புகளின் அமைப்பும் படங்களும் சிதையலாம், பரவாயில்லை. எழுத்து தப்பித்துவிட்டது என்று தெரிந்த பிறகு காரணத்தை நிதானமாகத் தேடலாம்.

பெரியப்பா: ஒட்டிவிட்டேன். கடைசிப் பத்திவரை எல்லாம் வந்திருக்கிறது.

நான்: நல்லது. இனி சேவ் ஆஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, டாகுமென்ட்ஸ் கோப்புறையை விட்டுவிட்டு, டி டிரைவில் வேறொரு பெயரில் சேமித்துப் பாருங்கள். பெயரில் இன்றைய தேதியைச் சேர்த்தால் பிறகு குழப்பம் வராது. தேதிக்கு நடுவே சாய்கோடு மட்டும் போடாதீர்கள், ஏனெனில் விண்டோஸ் கோப்புப் பெயர்களில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி முதலியவற்றை ஏற்காது.

பெரியப்பா: டி டிரைவில் எந்தத் தடையும் இல்லாமல் சேமிக்கப்பட்டது. மனத்தில் இருந்த பாரம் குறைந்தது, தம்பி.

நான்: எனக்கும் அப்படித்தான், பெரியப்பா. இதிலிருந்தே ஒன்று தெளிவாகிறது. ஆவணம் பழுதாகியிருந்தாலோ, ரைட்டரில் கோளாறு இருந்தாலோ, டி டிரைவிலும் இதே பிழை வந்திருக்கும். அங்கே சேமிக்க முடிகிறது என்றால், சிக்கல் பெரும்பாலும் இடத்தைப் பற்றியது. இன்னும் ஒரு சோதனை செய்வோம். நோட்பேடைத் திறந்து, ஏதேனும் ஒரு வரியைத் தட்டச்சு செய்து, அதே டாகுமென்ட்ஸ் கோப்புறையில் சேமித்துப் பாருங்கள்.

பெரியப்பா: நோட்பேடில் எழுதியது அங்கே சேமிக்கப்பட்டுவிட்டது. ஆனால் ரைட்டரில் ஒரே வரி கொண்ட புதிய ஆவணத்தைத் தொடங்கி அதே இடத்தில் சேமிக்கப் பார்த்தேன், மீண்டும் அதே பிழைதான் வருகிறது.

நான்: புதிய ஆவணத்தையும் சோதித்தது மிகவும் நல்லதாயிற்று. நோட்பேடால் முடிகிறது என்பதால் வட்டு நிரம்பியிருப்பதோ, அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமை உங்களுக்கு இல்லாமற்போனதோ காரணமாக இருக்க முடியாது. ஒரே கோப்புறையில் ஒரு மென்பொருள் அனுமதிக்கப்பட்டு மற்றொன்று தடுக்கப்படுகிறது. அண்மையில் விண்டோஸின் பாதுகாப்புச் செயலியான விண்டோஸ் செக்யூரிட்டியில் ஏதேனும் மாற்றினீர்களா?

பெரியப்பா: நேற்று இரவு அதில் ஒரு மஞ்சள் எச்சரிக்கைக் குறியைப் பார்த்தேன். உள்ளே சென்று, பணம் பறிக்கும் வைரஸ்களிலிருந்து கோப்புகளைக் காப்பதாகச் சொன்ன ஒரு பொத்தானை இயக்கினேன்.

நான்: காரணம் ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. அதன் பெயர் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ். ரான்சம்வேர் எனப்படும் தீய நிரல்கள் நம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பதைத் தடுக்க, 2017-இல் விண்டோஸ் 10-இல் சேர்க்கப்பட்ட பாதுகாப்பு இது. டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக் போன்ற கோப்புறைகளில் நம்பகமானவை என்று அது அறிந்த நிரல்களை மட்டுமே எழுத விடும், மற்றவற்றைத் தடுத்துவிடும். படிப்பதை அது தடுப்பதில்லை, அதனால்தான் ஆவணம் இன்று காலை எந்தத் தொல்லையும் இல்லாமல் திறந்துகொண்டு, சேமிக்கும்போது மட்டும் தகராறு செய்தது. ரைட்டரோ, தடை அங்கிருந்து வருகிறது என்பதை அறியாமல், எழுத முடியவில்லை என்று மட்டும் பொதுவாகச் சொல்கிறது. அந்தச் செய்தி இன்னும் தெளிவாக இருந்திருந்தால், உங்களுக்கு இவ்வளவு கலக்கம் வந்திருக்காது.

சித்தப்பா: அப்படியானால் அந்தப் பாதுகாப்பை நிறுத்திவிடலாமே?

நான்: வேண்டாம், சித்தப்பா. அது பயனுள்ள பாதுகாப்பு, பெரியப்பா அதை இயக்கியதும் சரியான செயல்தான். ரைட்டரை அதற்கு அறிமுகப்படுத்தினால் போதும். பெரியப்பா, விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, கீழே இருக்கும் ரான்சம்வேர் புரொடெக்ஷனைத் திறந்து, ஒரு செயலியை அனுமதிக்கும் இணைப்பை அழுத்துங்கள். அண்மையில் தடுக்கப்பட்ட செயலிகளின் பட்டியல் அங்கே கிடைக்கும். அதில் எஸ்ஆஃபிஸ் டாட் பின் (soffice.bin) என்ற பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். லிப்ரே ஆபிஸின் உண்மையான வேலையைச் செய்யும் நிரல் அதுதான்.

பெரியப்பா: பட்டியலில் முதல் வரியிலேயே இருக்கிறது. அனுமதித்துவிட்டு, அந்த ஒருவரி ஆவணத்தைச் சேமித்தேன். பிழை எதுவும் வரவில்லை.

நான்: மிக்க மகிழ்ச்சி. ஆனால் ஓரிடத்தில் மட்டும் கவனம் தேவை. டாகுமென்ட்ஸில் இருப்பது நேற்றைய பிரதி, டி டிரைவில் இருப்பதுதான் இன்றையது. அவசரத்தில் நேற்றையதைத் திறந்து எழுதத் தொடங்கிவிட்டால், இரண்டிலும் வெவ்வேறு பகுதிகள் சேர்ந்து, பிறகு ஒன்றிணைப்பது பெரும்பாடாகிவிடும். எனவே டி டிரைவில் உள்ளதைத் திறந்து, கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்துவிட்டு, அதையே பழைய பெயரில் டாகுமென்ட்ஸில் சேமியுங்கள். டி டிரைவில் உள்ளதைச் சில நாட்களுக்கு அழிக்க வேண்டாம்.

பெரியப்பா: அப்படியே செய்துவிட்டேன். பக்கங்கள் அனைத்தும் சரியாக இருக்கின்றன.

சித்தி: இதைப் படித்ததும் என் கவலையையும் சொல்லலாம் என்று தோன்றியது. என் மொழிபெயர்ப்பு பென் டிரைவில், ரைட்டர் வழக்கமாகச் சேமிக்கும் ஓடிடி (ODT) கோப்பாக இருக்கிறது. நேற்று சேமித்த உடனேயே மின்சாரம் போய்க் கணினி அணைந்துவிட்டது. இப்போது திறந்தால் எழுத்து வகையைக் கேட்கும் ஒரு பெட்டி வருகிறது, அதைத் தாண்டினால் பக்கம் பக்கமாக ஹேஷ் (#) குறிகள்தான் தெரிகின்றன. கோப்பின் அளவு மட்டும் முன்பு போலவே காட்டப்படுகிறது.

நான்: சித்தி, அந்தக் கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்துவிட்டு, நகலை நோட்பேடில் திறந்து, தொடக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். ஓடிடி என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாக்கிய ஒரு ஜிப் தொகுப்பு. அதற்குள் நம் எழுத்து ஒரு கோப்பாகவும், வடிவமைப்பு இன்னொரு கோப்பாகவும், படங்கள் தனியாகவும் இருக்கும். ஆகவே நல்ல நிலையில் உள்ள எந்த ஓடிடி கோப்பும் பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடுதான் தொடங்கும். ஜிப் வடிவத்தை 1989-இல் வெளியிட்ட ஃபில் காட்ஸ் தம் பெயரின் முதலெழுத்துகளை அதில் பதித்துவிட்டார். மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்புகளும் இதே வகைதான். அந்த எழுத்துகள் தென்பட்டால், கோப்பின் ஒரு பகுதி சிதைந்திருந்தாலும் உள்ளிருக்கும் எழுத்தைப் பிரித்தெடுக்க முயலலாம்.

சித்தி: எழுத்துகளே இல்லை, தம்பி. எவ்வளவு தூரம் நகர்த்திப் பார்த்தாலும் வெற்றிடம்தான் தெரிகிறது.

நான்: சொல்லவே வருத்தமாக இருக்கிறது, சித்தி. கோப்பின் பெயரும் அளவும் பதிவாகி, உள்ளடக்கம் வட்டில் எழுதப்படுவதற்கு முன்பே மின்சாரம் போயிருக்க வேண்டும். அப்படி நேரும்போது உள்ளே பூஜ்ஜியங்கள் மட்டுமே இருக்கும். அவற்றைத்தான் ரைட்டர் ஹேஷ் குறிகளாகக் காட்டுகிறது. அதில் பழுதுபார்க்க எதுவும் இல்லை என்பதால், பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் மென்பொருள்களை வாங்கிவிடாதீர்கள். நாம் தேட வேண்டியது வேறு பிரதியை. லிப்ரே ஆபிஸின் பயனர் கோப்புறைக்குள் பேக்கப் என்று ஒரு கோப்புறை இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் அதையும் தேடுங்கள்.

சித்தி: பேக்கப் கோப்புறை காலியாக இருக்கிறது. மின்னஞ்சலில் யாருக்கும் அனுப்பவில்லை.

அக்கா: சித்தி, சென்ற மாதம் படித்துப் பார்க்கச் சொல்லி எனக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பினீர்களே? அது என் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது, இப்போதுதான் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் அத்தியாயம்வரை முழுமையாக இருக்கிறது. உடனே அனுப்புகிறேன்.

சித்தி: அதை அனுப்பியதே எனக்கு நினைவில் இல்லை. நன்றி, கண்ணே. பத்தாம் அத்தியாயத்தையும் பதினொன்றையும் மட்டும் மீண்டும் மொழிபெயர்க்க வேண்டும், கையெழுத்துக் குறிப்புகள் என்னிடம் இருப்பதால் அது இயலாத காரியமன்று.

நான்: தொடங்குவதற்கு முன், சித்தி, டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, லோட் அண்ட் சேவ் பகுதியின் ஜெனரல் பக்கத்தில், எப்போதும் காப்புப் பிரதி உருவாக்கச் சொல்லும் கட்டத்தில் குறியிட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய பிரதி தனியே நிற்கும். பென் டிரைவில் நேரடியாக எழுதாமல், கணினியில் எழுதிச் சேமித்து மூடிய பிறகு அதற்கு நகலெடுங்கள். எஜெக்ட் கொடுத்த பிறகே அதைக் கழற்றுங்கள்.

பெரியப்பா: அந்தக் கட்டத்தில் நானும் இப்போதே குறியிடுகிறேன். மின்னஞ்சலில் ஒட்டி வைத்ததை இனி நீக்கிவிடலாமா, தம்பி?

நான்: கணினியை ஒருமுறை அணைத்து இயக்கி, கோப்பு சரியாகத் திறக்கிறது என்று பார்த்த பிறகு நீக்குங்கள், பெரியப்பா.