ஆளைக் குறைத்தால் கையெழுத்தும் குறையுமா?

சிப்காட்_ராணிப்பேட்டை:
தோல் பதனிடும் டிரம்முக்கு ஒரு பேரிங் வாங்க இன்டென்டில் (பொருள் கேட்டு எழுதும் சீட்டில்) ஆறு கையெழுத்து. ஆபீஸில் பத்துப் பேரைக் குறைத்தால் இந்தச் சுற்று தானாகக் குறையும் என்கிறது நிர்வாகம். குறையுமா?

ஆம்பூர்_கணக்கு:
குறையாது சார். ஆள்தான் போவார், அவர் போட வேண்டிய கையெழுத்து போகாது. பர்ச்சேஸ் மேனேஜரை எடுத்தால் அவர் பார்த்த இன்டென்ட் எல்லாம் ஜி.எம். மேசையில் குவியும். ஜி.எம். பையரை (நம் தோலை வாங்குபவரை) பார்க்க சென்னை போனால் கட்டு இரண்டு நாள் அசையாது. அதற்குள் பேரிங் இறுகி டிரம் நின்றுவிட்டால் உள்ளே தோலைப் பதனிடும் குரோம் உப்பு சீராக ஏறாது, தோலில் திட்டுத் திட்டாகக் கறை விழும். அந்த லாட்டின் நஷ்டம் மிச்சப்பிடித்த சம்பளத்தை விழுங்கிவிடும். இன்னொன்று: போனவரின் ஐடி ஈ.ஆர்.பி. (கம்பெனிக் கணக்கு மென்பொருள்) அப்ரூவல் வரிசையில் இருந்தால் பில் அங்கேயே தொங்கும்.

முதலில் கடைசி 100 இன்டென்டை எடுங்கள். எந்தக் கையெழுத்து எத்தனை முறை மறுத்தது, அளவையோ விலையையோ திருத்தியது என்று எண்ணுங்கள். நூறில் ஒன்றைக்கூடத் தொடாத கையெழுத்தை எடுத்துவிடலாம். ஆனால் இன்டென்ட் போடுபவரும் சரக்கு வந்ததும் ஜி.ஆர்.என். (சரக்கு வரவுச் சீட்டு) போடுபவரும் ஒரே ஆளாகக் கூடவே கூடாது, திருட்டு அங்கேதான் நுழையும்.

வேலூர்_லேபர்:
சட்டத்தையும் பாருங்கள். ஆள்குறைப்பில் அந்தந்த வேலை வகையில் கடைசியாகச் சேர்ந்த தொழிலாளிதான் முதலில் போக வேண்டும் என்பது 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் 25ஜி பிரிவில் இருந்த விதி. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே விதிதான். வேறு ஆளை அனுப்பினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். மேனேஜர்களுக்கு இது பொருந்தாது. அதனால் பெரும்பாலும் வேலை செய்யும் கை போகிறது, ஒப்புதல் தரும் கை இருந்துவிடுகிறது. எனக்கு இதில்தான் ஆதங்கம்.

வாணியம்பாடி_வாசகர்:
வேலை குறைந்தாலும் அதிகாரிகள் பெருகுவார்கள் என்று எழுதிய பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் 1955-ல் காட்டிய கணக்கு: 1914-ல் பிரிட்டனிடம் 62 பெரிய போர்க்கப்பல், 1928-ல் 20. அட்மிரால்டி (கடற்படை நிர்வாக அலுவலகம்) அதிகாரிகளோ 2,000-லிருந்து 3,569 ஆனார்கள். அமேசான் 2024-ல் மேலாளர் விகிதத்தைக் குறைக்கச் சொன்னபோது, வேண்டாத விதிகளை ஊழியர்களே எழுதி அனுப்பத் தனி மின்னஞ்சலும் திறந்தது. இந்த இரண்டாவது வேலையைத்தான் இங்கே யாரும் செய்வதில்லை.

சிப்காட்_ராணிப்பேட்டை:
பேரிங், வி-பெல்ட், ஆயில் சீல் மாதிரி சில்லறைக்கு?

ஆம்பூர்_கணக்கு:
அதற்கு இன்டென்டே வேண்டாம் சார். வருஷத்துக்கு ஒரு தடவை ரேட் பேசி வையுங்கள். ஸ்டோர்ஸில் ஒவ்வொரு சைஸிலும் இரண்டு இருக்கட்டும். ஒன்றை எடுத்ததும் ஸ்டோர்கீப்பரே ஆர்டர் போடட்டும். மாதக் கடைசியில் பழைய உதிரியை எண்ணிச் சரிபார்த்தால் போதும்.