சார்ஜர் இருந்தது, போனைக் காணோம்

கடலூர், மஞ்சக்குப்பம்

ஜூலை 26, கார்கில் வெற்றி நாள் வந்தாலே எங்கம்மா டிவியை அணைச்சிடுவாங்க. மலர்வளையம் வைக்கிறதை அவங்களால பார்க்க முடியாது. என் தம்பியும் பட்டாளத்துக்காரன்தான். 2019 டிசம்பர்ல வடக்கே ஒரு முகாம்ல ராத்திரி காவல்ல இருந்தப்போ குண்டு பாஞ்சு செத்துப்போனான். "தானே சுட்டுக்கிட்டான்"னு போன்ல சொன்னாங்க. முந்தின நாள்தான் என்கிட்ட அரைமணி நேரம் பேசினான். பொங்கலுக்கு லீவு கெடச்சிருச்சு, டிக்கெட் போட்டாச்சு, அம்மாவுக்குக் கம்பளி வாங்கிட்டேன்க்கான்னான்.

பாடி வந்த அன்னிக்குத் தெருவே கூடி நின்னுச்சு. கொடி போர்த்தல, வானத்தைப் பார்த்துச் சுடல. "ஏம்மா, மரியாதை செய்ய மாட்டாங்களா?"ன்னு பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டாரு. என்னத்தைச் சொல்ல? தானே தேடிக்கிட்ட சாவுக்கு ராணுவ மரியாதை கிடையாதுன்னு 1967லயே ஒரு உத்தரவு இருக்காம். 2023 அக்டோபர்ல ஒரு அக்னிவீரர் (நாலு வருஷப் பணிக்குச் சேர்ற ராணுவ வீரர்) சாவு பெரிசாப் பேசப்பட்டப்பதான் அது எங்களுக்கே தெரிஞ்சுது. தானே சுட்டுக்கிட்டான்னு அவங்க எழுதினது நிஜமான்னு தெரியாமலே அவனுக்கு மரியாதையும் போச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு டிரங்குப் பெட்டி வந்துது, மேல ஒரு பட்டியல். பூட்ஸ் 2 ஜோடி, கொசுவலை 1, கம்பளி 1, முருகர் படம் 1, சார்ஜர் 1. போன் இல்ல. எழுதிக் கேட்டதுக்கு, பட்டியல்ல உள்ளதெல்லாம் ஒப்படைச்சாச்சுன்னு ஒரே வரியில பதில். அந்தச் சார்ஜரை அம்மா இன்னும் அலமாரியில வச்சிருக்காங்க.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை

அக்கா, எங்க தாத்தா இந்தோசீனா (வியட்நாம் பக்கம்) போய்த் திரும்பின சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். பீச் ரோட்டுல 1938ல திறந்த பிரெஞ்சுப் போர் நினைவிடத்துக்கு ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள், நவம்பர் 11 முதல் உலகப் போர் ஓய்ஞ்ச நாள், ரெண்டு நாளும் கோட்டுல மெடல் குத்திக்கிட்டுப் போவாரு. சின்ன வயசுல நானும் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கேன். மலர்வளையம் வைக்கறப்போ உதடு மட்டும் அசையும். என்னான்னு ஒருநாள் கேட்டேன். கூடப் போன கூட்டாளி பேராம். எங்க விழுந்தான், எங்க புதைச்சாங்கன்னு அவனோட அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் யாரும் சொல்லலியாம். "அந்தம்மா வீட்டு வாசலைத் தாண்டிப் போகவே எனக்குக் கூசும்டா"ன்னாரு.

பண்ருட்டி, ஓய்வுபெற்ற ஹவில்தார்

அம்மாடி, படைப்பிரிவு நடத்தற விசாரணையை மட்டும் நம்பி உக்காராதே. முகாம் இருக்கற ஊர் போலீஸ் ஸ்டேஷன்ல தனி ஃபைல் இருக்கணும். 2019ல நடந்ததால பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174வது பிரிவுல, அதாவது தற்கொலை, சந்தேகச் சாவை போலீஸ் விசாரிக்கற பிரிவுல, பதிவாகியிருக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கை, அவனோட துப்பாக்கியை ஆய்வுக்கு அனுப்பின கடிதம், ரெண்டையும் கேளு.

தகவல் உரிமைச் சட்டத்துல "ஏன் செத்தான்"னு கேட்டா பதில் வராது. காகிதத்தோட பேரைச் சொல்லி நகல் கேக்கணும். நான் இதை மூணு குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்துதான் கத்துக்கிட்டேன். ராணுவத்துக்கு அனுப்பற மனுவுக்கு 10 ரூபா போஸ்டல் ஆர்டர் போதும். 30 நாள்ல பதில் வரணும். மறுத்தா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுவும் சரியில்லன்னா 90 நாளுக்குள்ள மத்திய தகவல் ஆணையம். தேதியை மட்டும் விட்டுடாதே. பென்ஷன்ல சிக்கல்னா சென்னையில ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தோட கிளை இருக்கு. சாவு பணியால நேர்ந்ததா இல்லையான்னு எழுதின முடிவையே அங்க எதிர்த்துக் கேக்கலாம்.

கடலூர், மஞ்சக்குப்பம்

ஐயா, நீங்க சொன்னபடியே இன்னிக்கு எழுதிட்டோம். அம்மா பேர்லதான் மனு. "என் மகன் போன் எங்கே"ன்னு அம்மா சொல்லச் சொல்ல, நான் "கைப்பற்றுதல் மகஜர் நகல்"னு, அதாவது போலீஸ் எடுத்துக்கிட்ட பொருள் பட்டியலோட நகல்னு, எழுதினேன். தலைமைத் தபால் நிலையத்துல ஸ்பீட் போஸ்ட்ல போட்டாச்சு. ரசீதைச் சார்ஜரோட சேர்த்து வச்சிருக்காங்க.