துணைப்புரதமா, பொருத்து புரதமா?

ரோஸ்ஹில், மொரிசியஸ்:

அனைவருக்கும் வணக்கம். பல புரதங்கள் கூடிய தொகுதியைச் சேர்த்துக் கட்ட உதவிவிட்டு விலகிவிடும் புரதங்களை ஆங்கிலத்தில் 'அசெம்பிளி ஃபாக்டர்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் டர்பன் அம்மா முன்வைத்த 'துணைப்புரதம்' எனக்கு ஒப்பவில்லை. தொகுதியின் உறுப்பான சப்யூனிட்டைத் துணையலகு என்கிறோம், நொதிக்கு உதவும் சிறு மூலக்கூறான கோஎன்சைமைத் துணைநொதி என்கிறோம். இரண்டும் நொதி வேலை செய்யும்போது கூடவே இருப்பவை. நாம் பெயர் தேடும் புரதங்களுக்கோ முடிந்த தொகுதியில் இடமே இல்லை. கோபுரத்துக்குக் கட்டிய சாரம் குடமுழுக்கன்று நிற்குமா? ('சாரப் புரதம்' என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், சத்துமாவு விளம்பரம் போலிருக்கும்.)

இழைமணியில் (மைட்டோகாண்ட்ரியா) உணவிலிருந்து ஆற்றல் எடுக்க உதவும் புரதத் தொகுதிகளில் முதல் தொகுதியைப் பாருங்கள். மனிதரில் அதற்கு 45 துணையலகுகள். அவற்றில் 7 மட்டுமே இழைமணியின் சொந்த மரபணுக்களின்படி உருவாகின்றன. மற்றவை உட்கரு மரபணுக்களின்படி வெளியே உருவாகி உள்ளே வருகின்றன. எல்லாம் உட்சவ்வில் வரிசை தவறாமல் சேர வேண்டும். நான்காம் தொகுதிக்குச் செம்பும் வேண்டும். செம்பு தன்னிச்சையாகத் திரிந்தால் செல்லுக்கு நஞ்சு. அதனால் காக்ஸ்17 என்னும் புரதம் அதை ஸ்கோ1 என்னும் புரதத்திடம் கைமாற்றுகிறது, அங்கிருந்து அத்தொகுதியின் இரண்டாம் துணையலகுக்குப் போகிறது.

மூளையைத் தாக்கும் பரம்பரை நோயான லீ நோய் கண்ட குழந்தைகள் பலரிடம் நான்காம் தொகுதி குன்றியிருந்தது. துணையலகுகளின் மரபணுக்களைத் துருவிப் பார்த்தும் பழுது அகப்படவில்லை. 1998இல்தான் சர்ஃப்1 மரபணுவில் பழுது இருப்பது தெரியவந்தது. அதன் புரதம் அத்தொகுதியின் உறுப்பே அல்ல, அதைச் சேர்த்துக் கட்ட உதவுவது. துணையலகு வேறு, இது வேறு என்பதைப் பெயரே சொல்ல வேண்டாமா?

'கோப்புப் புரதம்' என்றால் அலுவலக அலமாரி நினைவுக்கு வரும். 'கட்டமைப்புப் புரதம்' கொலாஜனுக்குப் போய்விட்டது. ஆகவே 'பொருத்து புரதம்' என்பேன். இங்குள்ள பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படித்து, வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். அகராதியைத் தேடாமல் புரிய வேண்டும்.

டர்பன், தென்னாப்பிரிக்கா:

ஐயா, 'துணை'யை விட்டுவிடுகிறேன். ஆனால் செம்பு கொண்டுவந்து கொடுப்பது பொருத்துவதாகுமா? 'பொருத்துக் காரணி' என்றால் கொண்டுவருபவை, தாங்கிப் பிடிப்பவை எல்லாம் அடங்கும். புரதங்களை மடிக்க உதவுபவற்றை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அவற்றில் பல, எந்தப் புரதம் வந்தாலும் கவனிக்கும். சர்ஃப்1 அப்படியல்ல, நான்காம் தொகுதியோடு சரி.

ரோஸ்ஹில்:

'காரணி' நன்று, அம்மா. மடிப்புக்காரர்களுக்குத் தனி விவாத இழை தொடங்குவோம். பட்டியலில் ஏற்றும்போது 'பொருத்து காரணி' என்றே எழுதுகிறேன். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஊறுகாய்க்கு இல்லாத ஒற்று இதற்கு எதற்கு?