வார்ப்புத் தேதி பொருந்தினால் அசல் இன்ஜின்தானா? (1969 கமாரோ இசட்/28)

நீலக்கமாரோ:
ஒஹாயோவில் ஒரு 1969 இசட்/28 (செவர்லே கமாரோ காரின் பந்தய ரகம்) பார்த்து வைத்திருக்கிறேன். "மேட்சிங் நம்பர், அசல் 302 இன்ஜின்" என்று விற்பவர் அடித்துச் சொல்கிறார், அதாவது ஆலையில் இந்த வண்டிக்கென்றே போட்ட 302 கன அங்குல இன்ஜினாம். குறித்து வந்தவை: பிளாக்கின் (இன்ஜினின் இரும்பு உடல்) வார்ப்பு எண் 3970010. வார்ப்புத் தேதி சி 18 9. முன்னால் உள்ள தட்டையான பேடில் பஞ்ச் செய்திருப்பது வி0402டிஇசட். பாடித் தகட்டில் 04சி. முன்பணம் கொடுத்துவிடலாமா?

ஸ்பேனர்செட்:
தாராளமாக. சி மூன்றாவது எழுத்து, அதாவது மார்ச். மார்ச் 18, 1969இல் வார்த்த பிளாக். வி என்றால் ஃபிளின்ட் ஆலை, ஏப்ரல் 2இல் இன்ஜின் கோர்த்திருக்கிறார்கள். டிஇசட் அந்த வருட 302க்கு உரிய குறியீடு. 04சி என்றால் பாடி கட்டியது ஏப்ரல் மூன்றாவது வாரம். பிளாக், இன்ஜின், வண்டி எல்லாம் வரிசையாக வருகின்றன. இதைவிட எந்த ஜாதகமும் பொருந்தாது.

இரும்புக்கடை:
இவ்வளவு அழகாகப் பொருந்துவதால்தான் எனக்கு உறுத்துகிறது. போலி செய்பவன் தேதி பொருந்தாத பிளாக்கையா தேடிப் பிடிப்பான்? 010 என்று முடியும் இந்தப் பிளாக் ஒன்றும் அபூர்வம் இல்லை. 350 இன்ஜின்களுக்காக எழுபதுகளிலும் ஆண்டுக்கணக்கில் வார்த்தார்கள். வருடத்துக்கு ஒற்றை இலக்கம்தான் என்பதால் அந்த 9, 1979 ஆகவும் இருக்கலாம். தேதி தப்பாக இருந்தால் இன்ஜின் அசல் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். சரியாக இருந்தால் அசலாக இருக்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்.

ஸ்பேனர்செட்:
அண்ணே, உங்களுக்கு எல்லாரும் திருடர்கள். போன்டியாக் என்றால் ஆலைப் பதிவின் நகல் வாங்கலாம். அமெரிக்காவில் விற்ற கமாரோவுக்குச் செவர்லே அப்படி ஒன்றும் வைத்திருக்கவில்லை. இரும்பில் இருப்பதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

இரும்புக்கடை:
இரும்பைத்தான் நம்பச் சொல்கிறேன், ஆனால் முழுதாகப் பார்த்துவிட்டு. 1968 முதல் வண்டியின் வரிசை எண்ணும் பிளாக்கில் இருக்க வேண்டும். நார்வுட் ஆலையில் கட்டிய 1969 வண்டிக்கு 19என் என்று தொடங்கி ஆறு இலக்கம். பஞ்ச் செய்த பேடிலேயே இருக்கும், இல்லை என்றால் ஆயில் ஃபில்டர் பக்கம் தேடுங்கள். அடுத்தது அந்தப் பேடின் மேற்பரப்பு. ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தைச் சீவும்போது முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்கோடுகள் விழும். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி பஞ்ச் செய்தால் அந்தக் கோடுகள் போய்விடும். தம்பி, தின்னரில் துணி நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் போட்டுவிடாதீர்கள், இருக்கிற சாட்சியையும் நாமே அழித்ததாகிவிடும்.

ஸ்பேனர்செட்:
கோடு இல்லாவிட்டால் போலி என்று அர்த்தமா? எழுபதுகளில் ஓவர்ஹால் செய்த எத்தனை இன்ஜின்களில் மேல்தளத்தைச் சீவியிருக்கிறார்கள்! அப்போது இது பழைய கார், யாரும் பேடைப் பூஜை அறையில் வைத்துப் பாதுகாக்கவில்லை.

இரும்புக்கடை:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீவினால் ஆலையில் போட்ட எண்ணும் சேர்ந்து போகும். கோடு போய் எண் மட்டும் பளிச்சென்று நின்றால் அதைப் பின்னால் யாரோ அடித்திருக்கிறார்கள். தம்பி, வார்ப்புத் தேதியை எப்படிப் படித்தீர்கள்?

நீலக்கமாரோ:
பின்னால் பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸை இணைக்கும் கூடு) சேரும் விளிம்பில், வலப்பக்கம். கை நுழையவில்லை. சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் பிடித்துப் படித்தேன். மேலே ஆரஞ்சு பெயிண்ட் தடியாக இருந்தது.

இரும்புக்கடை:
கண்ணாடியில் எழுத்து திரும்பித் தெரியும், போதாததற்குப் பெயிண்ட். சுரண்டிவிட்டு நேராக போட்டோ எடுங்கள்.

நீலக்கமாரோ:
சனிக்கிழமை மறுபடி போனேன். பெயிண்ட் ரிமூவர் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்ததும் சி, ஜி ஆகிவிட்டது. உள்ளே திரும்பும் அந்தச் சின்னக் கால் பாதிதான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது. ஜி 18 9. பேடில் கோடுகள் இல்லை, வட்ட வட்டமாகத் தேய்த்த தடம். 19என் எண் மட்டும் வண்டியோடு பொருந்துகிறது.

இரும்புக்கடை:
ஜி என்றால் ஜூலை. ஜூலையில் வார்த்த பிளாக்கை ஏப்ரலில் எப்படிக் கோர்ப்பார்கள்? 1979 என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பாதிக் கால் துரு தின்றதா, அரம் தின்றதா என்பது வேறு கேள்வி.

ஸ்பேனர்செட்:
தேதி விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். வாரண்டியில் மாற்றிய பிளாக்காக இருக்குமோ என்றும் யோசித்தேன். அப்படியென்றால் மாற்றுப் பிளாக்கின் குறியான சிஇ என்று பஞ்ச் இருக்கும், டிஇசட் இருக்காது. அதற்காக இந்த விற்பவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், முப்பது வருடத்துக்கு முன் யாரோ செய்ததை நம்பி அவரும் ஏமாந்திருக்கலாம். பாடி உண்மையான இசட்/28தானா என்று தனியாகப் பாருங்கள். அது சரியென்றால் வாங்குங்கள், ஆனால் அசல் இன்ஜின் இல்லாத வண்டியின் விலைக்கு.

இரும்புக்கடை:
பேடைத் தேய்த்து எண் அடித்த வண்டியை எந்த விலைக்கும் நான் தொட மாட்டேன். நாளைக்கு விற்கும்போது வாங்குபவரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீலக்கமாரோ:
போட்டோவை விற்பவருக்கு அனுப்பினேன். "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்று ஒரே வரி வந்தது. விலையைப் பற்றி இன்னும் பேச்சில்லை.