வீட்டுக்கும் டென்ட்டுக்கும் சேர்த்து ஒரே டார்ச் லைட் போதுமா?

தென்னந்தோப்பு, பட்டுக்கோட்டை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு டார்ச் லைட் வாங்கப் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது.

தேவை மூன்று. முதலாவது தோப்பு. வீட்டிலிருந்து முந்நூறு அடி தள்ளி மோட்டார் கொட்டகை. மும்முனை மின்சாரம் சில நாள் நடு ராத்திரியில்தான் வரும், வரப்பில் நடந்து போய் ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வர வேண்டும். போன மாதம் வழியில் கட்டுவிரியன் கிடந்தது. கையில் இருந்தது போன் வெளிச்சம். காலுக்கு இரண்டடி முன்னால் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாவது, புயல். கஜா 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரை கடந்தது. எங்கள் தெருவுக்கு மறுபடி கரண்ட் வர 23 நாள் ஆனது. வீட்டில் இருந்த லைட்டெல்லாம் நான்காம் நாளே படுத்துவிட்டன. கடையில் மெழுகுவத்திகூட இல்லை.

மூன்றாவது, மகன். காலேஜ் நண்பர்களோடு ஜனவரியில் கொடைக்கானல் தாண்டி மன்னவனூர் பக்கம் டென்ட் போட்டு இரண்டு ராத்திரி தங்கப் போகிறானாம். "நல்லதா ஒண்ணு வாங்குங்கப்பா, ரெண்டு பேருக்கும் ஆகும்" என்கிறான்.

இப்போது கையில் இருப்பது: அப்பாவுடைய மூணு கட்டை ஸ்டீல் டார்ச். உள்ளே கட்டை ஒழுகிப் பூத்து, பின்மூடி திறக்க மறுக்கிறது. அப்புறம் டவுனில் 450 ரூபாய்க்கு வாங்கிய சார்ஜ் லைட், பின்னாலிருந்து பிளக்கை இழுத்துச் சுவரில் செருகுகிற வகை. எட்டே மாதம், இப்போது ஐந்து நிமிடத்தில் மங்குகிறது. ஆன்லைனில் '50,000 லூமன், 2 கிலோமீட்டர்' என்று 899 ரூபாய்க்கு ஒன்று வருகிறது. நம்பலாமா? 2,000 முதல் 2,500 வரை செலவு செய்யலாம். அப்பாவுக்கு 78 வயது, அவரும் எடுத்துப் போடுகிற மாதிரி இருக்க வேண்டும்.

ஈயப்பற்று, திருச்சி

அண்ணே, 19 வருஷமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் சார்ஜ் லைட் மாதிரி வாரத்துக்கு நாலு என் மேஜைக்கு வரும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 50,000 லூமன். லூமன் என்றால் லைட் தருகிற மொத்த வெளிச்சத்தின் அளவு. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 50,000 லூமனுக்கு 500 வாட் வேண்டும், இஸ்திரிப் பெட்டியில் பாதி. அதை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்க முடியுமா?

இதையே பேட்டரிப் பக்கமிருந்து பார்ப்போம். இன்றைக்கு நல்ல டார்ச்சில் வருவது 18650 என்கிற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அளவுதான். அதில் உண்மையாகக் கொள்வது 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை, அதாவது சுமார் 12 வாட் மணி. 100 லூமனில் எரித்தால் 12 மணி நேரம் வரும், 1,200 லூமனில் எரித்தால் ஒரு மணி நேரம். சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். அந்த ஒரு மணி நேரமும் கணக்கில்தான். சின்ன டார்ச் இரண்டு மூன்று நிமிடத்திலேயே சூடாகித் தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அது பழுது இல்லை. செல் மேல் 9,900 என்று அச்சடித்திருந்தால் வாங்க வேண்டாம். சந்தேகம் வந்தால் நகைக் கடைத் தராசில் வையுங்கள். நல்ல செல் 45 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும், போலி 30 கிராமிலேயே நின்றுவிடும்.

அடுத்தது தூரம். நீங்கள் விவசாயி, உங்களுக்கு எளிதாகப் புரியும். லூமன் என்பது மோட்டார் மொத்தமாக இறைக்கிற தண்ணீர். கேண்டெலா என்பது ஹோஸ் வாயை விரலால் அடைத்தால் அது பீய்ச்சுகிற வேகம். தண்ணீர் கூடவில்லை, பாய்கிற தூரம்தான் கூடியது. பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருந்தால், 200 மீட்டர் தள்ளி வெளிச்சம் பௌர்ணமி நிலா அளவுக்கு இருக்கும் என்று பொருள். உலகம் முழுக்கத் தரமான கம்பெனிகள் அந்த அளவுகோலில்தான் போடுகின்றன. நிலா வெளிச்சத்தில் கட்டுவிரியன் தெரியுமா? தெரியாது. பெட்டியில் உள்ள தூரத்தில் கால்வாசியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். தூரம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் கேண்டெலா நான்கு மடங்கு வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் வரப்புக்குத் தூரமே தேவையில்லை. 200, 300 லூமன், நன்றாக விரிந்து விழுகிற ஒளி போதும். வெள்ளை நீலமாக அடிக்கிறது வேண்டாம். பெட்டியில் 6500 கே என்று இருந்தால் நீலவெள்ளை, 4000 முதல் 5000 என்றால் வெயில் மாதிரி இருக்கும். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான சி.ஆர்.ஐ. அளவு 90 என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, சருகு ஒரு நிறம், பாம்பு ஒரு நிறம் என்று பிரிந்து தெரியும். நீலவெள்ளையில் எல்லாம் ஒரே சாம்பல்.

450 ரூபாய் லைட் ஏன் செத்தது? உள்ளே 4 வோல்ட் ஈய ஆசிட் பேட்டரி. இன்வெர்ட்டர் பேட்டரியின் குட்டித் தம்பி என்று சொல்லலாம். தீர்ந்த நிலையில் ஆணியில் தொங்கவிட்டால் தகட்டில் சல்ஃபேட் படிந்து அங்கேயே செத்துப்போகும். நாம் எல்லோரும் அதைத்தானே செய்கிறோம், அடுத்த கரண்ட் கட் வரைக்கும் மறந்துவிடுகிறோம். விடிய விடியச் சுவரில் விட்டாலும் உப்பிவிடும், மலிவு லைட்டில் தானாக நிற்கிற ஏற்பாடு இருக்காது. ஒரு எச்சரிக்கை: பிளக்கில் இருக்கும்போது அதைத் திறந்து கை வைக்காதீர்கள். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, வீட்டுக் கரண்ட் அப்படியே நிற்கும்.

ஏழாவது மலை, கோவை

தென்னந்தோப்பு சார், மகன் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பிப்ரவரியிலிருந்து மே வரை வெள்ளியங்கிரி நடை திறந்திருக்கும்போது வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏறிவிடுவேன். பூண்டி அடிவாரத்தில் ராத்திரி கிளம்பினால்தான் விடியும்போது மேலே இருக்கலாம். ஒரு கையில் மூங்கில் தடி, இன்னொரு கை பாறையைப் பிடிக்க. டார்ச்சை எந்தக் கையில் பிடிப்பது? அதனால் எல்லோரும் நெற்றியில் மாட்டுகிற ஹெட்லேம்ப்தான் வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன்.

முதல் தடவையே பாடம் கிடைத்தது. கைதட்டிச் சுனை தாண்டி மஞ்சு இறங்கிவிட்டது. நெற்றியில் இருக்கிற வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணிலேயே அடிக்கிறது, வெள்ளைத் திரை கட்டிவிட்ட மாதிரி. அதைக் கழற்றி இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டேன், வழி தெரிந்தது. அன்றிலிருந்து மஞ்சு இல்லாவிட்டாலும் நடக்கும்போது இடுப்பில்தான். காரணம் இருக்கிறது. வெளிச்சமும் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், மேடு பள்ளம் தட்டையாகத் தெரியும். கீழேயிருந்து அடித்தால் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் நீளும். உங்கள் வரப்புக்கும் இதேதான் சார், கையைத் தொங்கவிட்டு அடியுங்கள்.

நெற்றி லைட் எதற்கு என்றால், டென்ட் கட்ட, சமைக்க, பையில் சாக்ஸ் தேட. அதற்கு 30, 40 லூமன் தாராளம். வாங்கும்போது எத்தனை லூமன் வரை ஏறும் என்று பார்க்காமல், எவ்வளவு கீழே இறங்கும் என்று பாருங்கள். 5 லூமனுக்கு இறங்காத லைட்டை டென்ட்டுக்குள் போட்டால் மற்றவர்கள் திட்டுவார்கள். எதிரே இறங்கி வருகிறவர் முகத்தில் முழு வெளிச்சத்தையும் அடித்து அவர் படி தவறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், தம்பியிடம் அதையும் சொல்லுங்கள்.

ஜனவரி கொடைக்கானல் குளிர் சாதாரணம் இல்லை. குளிரில் பேட்டரி சீக்கிரம் மடங்கும். ராத்திரி படுக்கும்போது லைட்டை வெளியே வைக்காமல் போர்வைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீரைத் தாங்குகிற அளவைப் பெட்டியில் ஐ.பி.எக்ஸ். என்று போட்டிருப்பார்கள். மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 போதும், ஓடையில் விழும் என்று பயம் இருந்தால் 7.

கடலூர் மாடிவீடு

அண்ணா, எல்லோரும் மலையும் பாம்பும் பேசுகிறீர்கள், அந்த 78 வயது அப்பாவை மறந்துவிட்டீர்களே!

தானே புயலுக்குப் (2011 டிசம்பர் 30) பிறகு எங்கள் வீட்டிலும் விலை உயர்ந்த டார்ச் ஒன்று வாங்கினோம். ஒரே சுவிட்ச், ஐந்து விதமாக எரியும். ஒரு நாள் ராத்திரி மாமனார் பாத்ரூம் போக எழுந்து அழுத்தியிருக்கிறார். அது திருவிழா லைட் மாதிரி பளிச் பளிச்சென்று வெட்ட ஆரம்பித்துவிட்டது. பதற்றத்தில் மறுபடி அழுத்த, ஆபத்தில் உதவி கேட்கிற எஸ்.ஓ.எஸ். சைகை போட்டது. கீழே விழாமல் சுவரைப் பிடித்து நின்றாரே, அது பெரிய விஷயம். வயதானவருக்கு அழுத்தினால் எரிய வேண்டும், மறுபடி அழுத்தினால் அணைய வேண்டும். அவ்வளவுதான்.

அவருக்கு இப்போது சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அந்த டபுள் ஏ பேட்டரி இரண்டு போடுகிற சின்ன டார்ச் வைத்திருக்கிறோம். புயல் நேரத்தில் எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும், கிடைக்காவிட்டால் கடிகாரத்திலிருந்து கழற்றிக்கொள்ளலாம். கட்டில் தலைமாட்டில் ஆணி அடித்து, சுற்றி ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். யாரும் அங்கிருந்து எடுக்கக் கூடாது, எடுத்தால் திட்டு விழும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேட்டரியைக் கழற்றி ஒழுகியிருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.

கரண்ட் இல்லாத நாளில் அறை முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச்சைச் சொம்புக்குள் நிமிர்த்தி வைத்து வெள்ளைச் சீலிங்கைப் பார்க்க விடுங்கள். கூசாது, நிழலும் விழாது. உட்கார்ந்து சாப்பிடலாம்.

தென்னந்தோப்பு, பட்டுக்கோட்டை

அக்கா, அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், "இந்தப் பிள்ளைதான் விவரம்" என்றார்.

ஈயப்பற்று தம்பிக்கு ஒரு கேள்வி. 18650 போட்ட டார்ச் ஒன்று கடையில் பார்த்தேன். டைப் சி சார்ஜிங். என் போன் சார்ஜரில் மாட்டினால் ஏறவே இல்லை. கடைக்காரர் வேறு ஒயரில் போட்டு ஏற்றிக் காட்டினார். வாங்கலாமா?

ஈயப்பற்று, திருச்சி

ஏறினது ஒரு பக்கம் பழைய செவ்வக யு.எஸ்.பி. முனை உள்ள ஒயராக இருந்திருக்கும். உங்கள் போன் சார்ஜரில் இரண்டு பக்கமும் சி. அந்த மாதிரி ஒயரில், எதிரே இருக்கிற பொருள் 'நான் இருக்கிறேன்' என்று சைகை காட்டினால்தான் சார்ஜர் கரண்ட் விடும். அந்தச் சைகைக்கு இரண்டு சின்ன ரெசிஸ்டர் வேண்டும். சில காசு மிச்சம் பிடிக்கக் கம்பெனி அதை விட்டுவிட்டிருக்கிறது. லைட் கெட்டுப்போகாது, ஆனால் ரெசிஸ்டரையே விட்டவன் உள்ளே வேறு எதை விட்டானோ. நானாக இருந்தால் வாங்க மாட்டேன். செல்லைக் கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒட்டி மூடியது என்றால் செல் போன அன்றைக்கு லைட்டும் போச்சு.

வாங்கிய பிறகு: எடுக்காமல் வைத்திருக்கும்போது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். சுவிட்ச் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிற கரண்ட் நிற்கும், பையில் தானாக எரிந்து சூடாகவும் செய்யாது. முழுக்க ஏற்றியோ முழுக்க இறக்கியோ மாதக்கணக்கில் போடாதீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் செல் நீண்ட நாள் உழைக்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் முழுசாக ஏற்றிக்கொள்ளலாம்.

தென்னந்தோப்பு, பட்டுக்கோட்டை

வாங்கிவிட்டேன். செல் கழற்றுகிற 18650 டார்ச் ஒன்று 1,650 ரூபாய், தோப்புக்கு. மகனுக்கு நெற்றி லைட் 790. அப்பாவுக்கு டபுள் ஏ டார்ச் 280. மொத்தம் 2,720, பட்ஜெட் 220 ரூபாய் தாண்டிவிட்டது. நேற்று ராத்திரி கையைத் தொங்கவிட்டு வரப்பில் நடந்தேன். நண்டு வளைக்குக்கூட நிழல் விழுகிறது.

அப்பா புது டார்ச்சை ஆணியில் மாட்டிவிட்டுப் பழையதை விடுவதாக இல்லை. இரண்டு நாள் பின்மூடியில் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றித் திருகியே விட்டார். உள்ளே மூன்று கட்டையும் ஒன்றாக இறுகிக் கிடந்தன, கம்பியால் தட்டித்தான் எடுத்தோம். மூடிக்குள் ஸ்பிரிங் நடுவில் காகிதம் சுற்றிய ஸ்பேர் பல்பு ஒன்று, கடையில் வாங்கியபோது வந்ததாம், இழை அறுபடாமல் அப்படியே இருக்கிறது. துரு எல்லாம் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தாயிற்று. இதில் எல்.இ.டி. பல்பு போட முடியுமா தம்பி?

ஈயப்பற்று, திருச்சி

முடியும் அண்ணே. மூணு கட்டை என்றால் நாலரை வோல்ட், அதற்கு ஏற்றதாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்த ஸ்பேர் பல்பின் அடி திருகு வகையா, விளிம்பு வைத்த வகையா என்று ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.